கட்டத்துக்கு வெளியே ஒரு வெள்ளெலி

மார்ச் 12, செவ்வாய்

புளியடிவிளை வந்து சேர்ந்தாயிற்று. மாதத்தில் ஒரு வாரம் இந்தத் தேரிக்காட்டில், மணலில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிகளைப் பிடித்து, எடை போட்டு, காதில் எண் தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது என் வேலை. இதைத்தான் ஆராய்ச்சிப் படிப்பு என்கிறேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை. மாமா கல்யாண வீடுகளில் என்னை "எலி டாக்டர் பூரணி" என்று அறிமுகம் செய்து வைக்கிறார். அதில் இருப்பது பெருமையா கேலியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

செம்மணலில் கயிறு பிடித்து, குச்சி நட்டு, சதுரமாக அளந்து வைத்த இடத்துக்குக் 'கட்டம்' என்று பெயர். ஒவ்வொரு குச்சியடியிலும் ஒரு தகரப் பெட்டிப் பொறி. சாயங்காலம் உள்ளே வறுத்த கடலையும் துளி கருப்பட்டியும் வைத்துவிட்டு வருவோம். விடிந்ததும் போய்ப் பார்ப்போம். கருப்பட்டியில் பாதி லிங்கதுரை அண்ணாச்சியின் வாய்க்குப் போகிறது. உள்ளூர்க்காரர், லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், எனக்குப் பொறி சுமக்க வருகிறார்.

"எலிக்குக் குடுக்கதுல நமக்கும் ஒரு பங்கு வேணும்லா மேடம். வரி மாதிரி" என்றார்.

அம்மா போன் செய்தாள். மாமா வீட்டுக்கு வந்து போனாராம். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 13, புதன்

போன வருடம் இதே மாதம் கிடைத்ததில் பாதிகூட இல்லை. மழை பொய்த்துப் புல் விதை தீர்ந்துவிட்டது. நரியும் ஆந்தையும் தங்கள் பங்கை எடுத்திருக்கும்.

நாற்பத்தொன்று கிடைத்தாள். பெட்டை, கிழவி என்றே சொல்லலாம், இரண்டாம் வருடம் ஓடுகிறது. துணிப்பையை உதறுவதற்குள் கட்டைவிரலைப் பிடித்துவிட்டாள். மற்றவை பயத்தில் கடிக்கும். இவள் கோபத்தில் கடிக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஏப்ரல் 10, புதன்

இந்த மாதம் இன்னும் குறைவு. நாற்பத்தொன்று வரவில்லை.

ஒன்று கவனித்தேன். ஐம்பத்தெட்டு என்றொரு கடுவன், ஆண் எலி. போன வருடம் எலிகள் நெருக்கியடித்து இருந்தபோது வடமேற்கு மூலையில் மூன்று குச்சிகளைத் தாண்டாது. தாண்டினால் பக்கத்து வளைக்காரன் காதைக் கிழித்துவிடுவான். இன்று அதே ஐம்பத்தெட்டு தெற்குக் கோடியில் கிடக்கிறது. மற்றவையும் அப்படித்தான். கூட்டம் இருந்தால் ஒவ்வொன்றும் தன் காலடியோடு நிற்கும். ஆள் குறையக் குறைய, மிச்சமிருப்பவை நடக்க ஆரம்பிக்கும். பக்கத்து வளை காலியானது தெரிந்ததும் நாலைந்து நாள் வாசலை மோந்து பார்க்கும், பிறகு உள்ளே போய்த் தன் மணலைத் தள்ளும். துக்கம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் வெள்ளெலிக்குக் கிடையாது.

வீரவநல்லூரில் எங்கள் வீட்டில் நாலு அறை. இருப்பது அம்மாவும் வடிவு மதினியும், லீவுக்கு நானும். முன்னறை பூட்டிக் கிடக்கிறது. நடு அறையில் யாரும் படுப்பதில்லை. மதினியின் தையல் மிஷின் அடுப்படியில் கேஸ் சிலிண்டரை ஒட்டி நிற்கிறது, துணியைத் திருப்பும்போதெல்லாம் முழங்கை சுவரில் இடிக்கும். முன்னறையில் இரண்டு ஜன்னல், நல்ல காற்று. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில்.

இதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. வீடு

வருஷப் பிறப்பு. மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எதுவும் அவர் வாயிலிருந்துதான் தொடங்கும். பாயசத்தை முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல தளவாய்க்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்."

தளவாய் என் அண்ணன், மதினியின் புருஷன். பூட்டிக் கிடக்கும் முன்னறை அவர்களுடையது. லாரி ஓட்டினான். ஆறு வருடத்துக்கு முன் நாக்பூரில், ஏற்றிய லோடு ஏற்றியபடி நிற்க, கிளீனரிடம் சாவியைக் கொடுத்து, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போனவன். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

மாமா மகளுக்கு மாப்பிள்ளை தகையவில்லை. ஜோசியர் பார்த்து, குடும்பத்தில் ஓர் ஆத்மா தண்ணீர் இல்லாமல் அலைகிறது, அதற்கு வழி செய்யாமல் மேளச் சத்தம் கேட்காது என்றிருக்கிறார். ஆள் உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து, அதை எரித்துக் காரியம் செய்வது உண்டு. ஆனால் செத்தான் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். ஐயர் அதில் கறாராக இருக்கிறாராம்.

"நீதாம்ட்டி சொல்லணும்" என்றார் மாமா என்னைப் பார்த்து. "நாக்பூர்ல நீதான பாத்த."

அண்ணன் போன ஆறாம் மாதம், அடையாளம் தெரியாத ஓர் உடம்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அங்கிருந்து போலீஸ் கூப்பிட்டார்கள். மாமாவும் நானும் போனோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே மாமாவுக்கு வாந்தி வந்துவிட்டது. நான் மட்டும் உள்ளே போனேன். வெளியே வந்து, "அண்ணன் இல்லை" என்றேன்.

"வருசம் ஆயிட்டு. அன்னைக்கு நீயும் சின்னப் பிள்ளை, பயந்திருப்ப. 'யோசிச்சுப் பாத்தா அவன்தான் போலருக்கு'ன்னு ஒரு வார்த்தை. எல்லாருக்கும் விடிவு காலம். இந்தா இருக்காளே இவளுக்கும்" என்று மதினியின் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா சீனி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அடுப்படியில் மிஷின் சத்தம் மட்டும் வேகமாகிவிட்டது. யாருக்கோ ரவிக்கை அவசரம் போல.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமாவுக்கு அதுவே பாதி சம்மதம்.

மே 14, செவ்வாய்

என் நெறியாளர் போன் செய்தார். நல்ல மனுஷர், அவசரக்காரர். எண்ணிக்கை சரிகிறது என்றதும் அவருக்கு உற்சாகம். "இது ஆய்வேட்டில் சாவு விகிதம் பற்றிய இயலாக வரும். ஜூலைக்குள் கொடுத்துவிடு" என்றார். தொடர்ந்து மூன்று மாதம் பொறியில் வராத எலி இறந்த எலி. இதுதான் எங்கள் விதி. நான் வகுத்ததில்லை, எனக்கு முன்னால் படித்தவர்களும் இப்படித்தான் எழுதினார்கள்.

மே 15, புதன்

அம்மா போன் செய்தாள். மாமா போன் செய்தார். மதினி செய்யவில்லை. அவள் வைத்திருப்பது பழைய போன். அந்தப் பக்கம் பேசுவது தெருவுக்கே கேட்கும், அதனாலேயே அதிகம் பேச மாட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

காற்று எழுந்துவிட்டது. பொறிக்குள் எலிக்குப் பதில் மணல். லிங்கதுரை அண்ணாச்சி தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, "எலியெல்லாம் கடல் பக்கம் போயிட்டு மேடம், நாமளும் போயிருவமா?" என்கிறார்.

புதிதாக ஒரு குட்டி எலி கிடைத்தது. தகடு மாட்ட இடது காதைப் பிடித்தேன். வெள்ளெலியின் காது வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும், வெற்றிலைக் கொழுந்து போல ஒரு மெலிசு.

அண்ணனுக்கு இடது காது மடல் பிளந்திருக்கும். சின்ன வயதில் போட்டிருந்த கடுக்கன் சைக்கிள் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நாக்பூரில் முகம் பார்க்கும்படியாக இல்லை. துணியை விலக்கியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் காது, காது என்றேன். அவர் தலையைத் திருப்பிக் காட்டினார். முழுக் காது.

யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அண்ணன் இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு யார் வந்து பார்த்தார்களோ.

ஜூன் 12, புதன்

நாற்பத்தொன்று மூன்றாம் மாதமாக இல்லை. பெயருக்கு நேரே 'இறப்பு' என்று எழுதினேன். விதி விதிதான்.

ஜூன் 14, வெள்ளி

நேற்றுப் பூராவும் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று மண்டையில் இடித்தது.

மிச்சமிருக்கும் எலிகள் இப்போது பெரும்பாலும் ஓர வரிசைப் பொறிகளில்தான் விழுகின்றன. ஐம்பத்தெட்டு இந்த வாரம் இரண்டு முறை கடைசிக் குச்சியில். கடைசிக் குச்சி எனக்குத்தான் கடைசி. எலிக்கு என்ன தெரியும்? அங்கே வேலியா கட்டியிருக்கிறது? ஆள் குறைந்ததும் எலிகள் விரிந்து நடக்கின்றன என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். விரிந்து நடக்கிற எலி என் கட்டத்துக்குள்ளேயே சுற்றும் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வெளியே போனதையெல்லாம் செத்ததாக எழுதியிருக்கலாம். எத்தனை என்று தெரியாது. ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த மாதம் கட்டத்துக்கு வெளியே, ஓடையைத் தாண்டிப் பனங்கூட்டம் வரைக்கும் பொறி வைக்கலாம் என்றேன். லிங்கதுரை அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"செத்தது செத்துட்டுன்னு எழுதியாச்சுல்லா? பெறவு எதுக்கு அத எழுப்பணும்? அந்த மணல்ல இத்தனை பெட்டியையும் சுமக்கது யாரு, உங்க சாரா?"

"நானும் சுமக்கேன் அண்ணாச்சி."

"நீங்க சுமப்பிய. பெறவு உங்களையும் சேத்து நான் சுமக்கணும்."

ஜூலை 7, ஞாயிறு

மாமா பாபநாசத்துக்கு வேன் பேசிவிட்டார். புது வேட்டி, வெள்ளைச் சேலை எல்லாம் எடுத்தாயிற்றாம். வெள்ளைச் சேலை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "நீ சொல்லிருவல்லா?" என்றார். "ம்" என்றேன். அந்த 'ம்' எனக்கே பிடிக்கவில்லை.

சொல்லிவிட்டால்தான் என்ன? ஒரு பொய். அதில் மாமா மகளுக்குக் கல்யாணம் ஆகும். அம்மா அழுது தீர்த்துவிட்டு நிமிர்வாள். மதினிக்கு முப்பத்துமூன்று வயதுதான். என் ஒரு 'இல்லை'யை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஆறு வருடமாக அடுப்படியில் முடங்கிக் கிடக்கிறார்கள். சொல்லாவிட்டால் இதே கிடைதான்.

ஜூலை 9, செவ்வாய்

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மதினி இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் எனக்கு முறுக்குப் பொட்டலம். சொல்லாமல் வந்து நிற்கிறாள்.

"பூரணியப் பாத்துட்டு வாரேன்னு அத்தைட்டச் சொல்லிட்டுதான் வந்தேன்" என்றாள். நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் தோசை சுட்டுத் தந்தாள். கால் நீட்டிப் படுக்க இவ்வளவு இடம் இருக்கிறதே என்றாள். அது பத்துக்குப் பத்து அறை.

ஜூலை 10, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் மூவரும் போனோம். மதினியும் வருவேன் என்றாள். கட்டத்துக்குள் வைத்த பொறிகளில் இரண்டே இரண்டு எலி. ஓடையைத் தாண்டினோம். முதல் பத்துப் பொறியும் காலி. லிங்கதுரை அண்ணாச்சி ஒவ்வொரு காலிப் பெட்டியையும் எனக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். பனங்கூட்டத்துக்கு அடியில், வேர் மேட்டுப் பக்கம் ஒரு பொறி மூடியிருந்தது. கனமாக இருந்தது.

பைக்குள் தட்டினேன். கட்டைவிரலில் சுருக்கென்று பல் இறங்கியது. தகட்டைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பத்தொன்று.

நான் கத்தியிருக்கிறேன் போல. அண்ணாச்சி ஓடி வந்தார். வாங்கி, வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். காம்புகள் தடித்து, சுற்றிலும் முடி தேய்ந்திருந்தது. பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எம்மா! நாம இங்க எழவு எழுதி வச்சிருக்கோம். இவ புள்ளையும் குட்டியுமா தனிக்குடித்தனம் நடத்துதா!" என்று அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் கண்ணீர்கூட வந்துவிட்டது. உடனே விட்டுவிட்டோம். குட்டிகள் பசியோடு இருக்கும். பனை வேருக்கு அடியில் சட்டென்று மறைந்தாள்.

திரும்பிப் பார்த்தால் மதினி மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"இது பழைய எடத்துக்குத் திரும்பி வருமா பூரணி?"

"வராது மதினி. இங்க வளை தோண்டி, குட்டியும் போட்டாச்சு. இனி இதுதான் அதுக்கு எடம்."

"உசுரோட இருக்கும். ஆனா வராது."

"ஆமா."

அண்ணாச்சி என் முகத்தையும் மதினி முகத்தையும் பார்த்தார். மீதிப் பொறிகளை எடுத்துவிட்டு வருகிறேன் என்று தூக்கிக்கொண்டு நடந்தார்.

மதினி மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே சொன்னாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி, பொங்கலுக்கு மறுநாள், ஒரு போன் வந்துச்சு. 'வடிவு, அம்மா நல்லாருக்காளா'ன்னு கேட்டாவ. குரல் தெரியாதா எனக்கு? 'எங்க இருக்கிய'ன்னேன். பின்னால ஒரு பிள்ளை 'பப்பா, பப்பா'ன்னு கூப்பிடுது. பிள்ளைய என்னமோ இந்தியில அதட்டுனாவ. பெறவு, 'தேடாதீய'ன்னாவ. வச்சிட்டாவ. அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டேன், போகல."

மூன்று வருடம். அடுப்படியில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில், இதை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்திருக்கிறாள்.

"ஏன் மதினி சொல்லல?"

"யாருட்டச் சொல்ல? உன்ட்டச் சொன்னா அடுத்த ரயிலப் பிடிச்சு நாக்பூர் போயிருவ. அத்தைட்ட எப்படிச் சொல்ல? மகன் செத்துட்டான்னாகூட அழுது தாங்கிருவாவ. உசுரோட இருந்துக்கிட்டு, பெத்தவளப் பாக்க வரலன்னா தாங்குவாவளா?"

கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

"இதச் சொல்லத்தான் வந்தேன். நீ அமாவாசை அன்னைக்குப் பொய் சொல்லாத. இருக்கவுகள எரிக்கதுக்கு நான் எப்படிப் போய் நிக்க? வெள்ளச் சேல கட்டி, செத்தவுகளுக்கு அழற மாதிரி அழணும். வேண்டாம்மா. செத்தவுகளுக்கு அழலாம். போனவுகளுக்கு நான் எதுக்கு அழணும்?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உண்மையையும் சொல்லிராத. அத்தைக்காக."

பொய்யும் கூடாது, உண்மையும் கூடாது. வாயை மட்டும் கொண்டு போக வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

ஓடைக்கு அப்பால் இன்னும் நான்கு பழைய எண்கள் கிடைத்தன. எல்லாம் நான் சாகடித்தவை. சாரிடம் சொன்னேன். "அப்படியானால் அந்த இயலே தப்பு" என்றார். ஆமாம் சார் என்றேன். "நல்லவேளை இப்போது தெரிந்தது. கட்டத்தைப் பெரிதாக்கு. ஆறு மாதம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை" என்றார். அவசரக்காரர் என்று எழுதியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

மதினி காலை பஸ்ஸில் போய்விட்டாள். முறுக்கு மிச்சம் இருக்கிறது.

அண்ணன்மேல் கோபம் வருகிறது. இறந்திருப்பானோ என்று ஆறு வருடம் பயந்தேன். இருக்கிறான் என்று தெரிந்த அன்று அடிக்கலாம் போல இருக்கிறது. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துத் தாமிரபரணிப் பாலம் வரை மிதித்தவன் அவன்தான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகப் போய்விடும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

பாபநாசம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஈரத்துணி வாசமும் எள் வாசமும். முதலில் அப்பாவுக்குத் தர்ப்பணம். மகன் செய்ய வேண்டியது, மாமா செய்தார். அது முடிந்ததும் ஐயர் தர்ப்பையைப் பிரித்து, ஒரு சாண் அளவில் மனித உருவம் முடிய ஆரம்பித்தார். தலை, இரண்டு கை. கால் முடிவதற்கு முன் நிறுத்தி, மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"சொல்லுட்டி. அன்னைக்குப் பாத்தது தளவாய்தான?"

மதினி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். வெள்ளைச் சேலைப் பை மாமியின் கையில்.

"இல்ல மாமா. அது அண்ணன் இல்ல. அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான்."

மாமாவின் முகம் கறுத்தது. "வேன் பேசி, ஆளக் கூட்டி, இங்க வந்து நின்னு மானத்த வாங்குதியாட்டி? அவன் இல்லன்னா, அப்ப எங்க அவன்? ஆறு வருசமா எங்க போனான்? சொல்லு!"

சத்தம் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயில் உண்மை முட்டிக்கொண்டு நின்றது. மதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவள ஏம்ல அதட்டுத?"

அம்மாதான். அப்பா போனதிலிருந்து அம்மா மாமாவை 'ல' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"அவன் நல்லாத்தான் இருக்கான். எங்கயோ வடக்க. அவனுக்கு ஒரு பிள்ளையும் இருக்கு."

மதினி சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா அவளைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு இவ போன் பேசும்போது நான் பொறவாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டு நின்னேன். அவ போன்தான் ஊருக்கே கேக்குமே. அந்தப் பிள்ளை பப்பாங்குது. என் பேரப்பிள்ளை."

"அத்தை..." மதினி ஒரு படி இறங்கி அம்மாவுக்கு முன்னால் வந்தாள். "தெரிஞ்சுமா? ஒரு நாளு என்ட்டச் சொல்லலியே."

"எப்படிச் சொல்வேன்? அவன் வரமாட்டான்னு எனக்கும் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சா, நீ எதுக்கு இங்க இருக்கணும்? போயிருவ. காத்துக் கெடக்கவ மாதிரியே நான் இருந்தா, நீயும் இருப்பேன்னு நெனச்சேன். முன்ரூமப் பூட்டி வச்சதும் அதுக்குத்தான். அவனுக்காக இல்ல வடிவு. எனக்கு வேற யாரு இருக்கா?"

அம்மா அழுதாள். மதினி அழவில்லை. ஈரப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். மாமா எதையோ சொல்ல வாயெடுத்து, மாமி முறைத்ததும் மூடிக்கொண்டார். ஐயர் பாதி முடிந்த உருவத்தை மெள்ளப் பிரித்து, தர்ப்பையை நீட்டி வைத்தார். அது வெறும் புல்லாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கை காலைக் கழுவிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை மதினியிடம் கொடுத்தாள்.

"மிஷின அங்க போடு. காத்து வரும். போகணும்னு தோணுச்சுன்னா போ, நான் தடுக்கமாட்டேன். இருக்கவரைக்கும் சுவத்துல இடிச்சுக்கிட்டு இருக்காத."

கதவு ஊதிப்போய்த் திறக்க மறுத்தது. மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். உள்ளே அண்ணனின் மோட்டார் சைக்கிள். சீட்டின் பஞ்சு முழுக்க வெளியே கிடந்தது. தட்டியதும் சீட்டுக்குள்ளிருந்து ஒரு சுண்டெலி, பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் குட்டிகள். நாங்கள் மூன்று பெண்கள் நுழையப் பயந்து நின்ற அறையில் இவை தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

"உன் சொந்தக்காரங்கதான், நீயே பேசி அனுப்பு" என்றாள் அம்மா என்னிடம், மூக்கைச் சிந்திக்கொண்டே. மதினி சிரித்துவிட்டாள். சிரித்து, சிரித்து, அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. வெகுநேரம் அழுதாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். புளியடிவிளை

கட்டத்தைப் பனங்கூட்டம் வரை நீட்டிக் குச்சி நட்டோம். லிங்கதுரை அண்ணாச்சி கூலியைக் கூட்டிக் கேட்டார், நியாயம்தான். பொறியில் வராத எண்களுக்கு நேரே இருந்த 'இறப்பு' என்பதை எல்லாம் அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினேன். நாற்பத்தொன்றுக்கும் ஓடைக்கு அப்பால் கிடைத்த மற்ற நான்குக்கும் 'வெளியே, உயிரோடு' என்று போட்டேன். பனை வேரடியில் புது மணல் தள்ளியிருந்தது. நாற்பத்தொன்றாகத்தான் இருக்கும், அவளைப் பிடிக்கப் பொறி வைக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வடிவு தாலியக் கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கா. நான் ஒண்ணும் கேக்கல. பொட்டு வச்சிருக்கா" என்றாள்.

"போறேங்கிறாளாம்மா?"

"தெரியல. தையல் படிக்க ரெண்டு பிள்ளைங்க வருது. முன்ரூம் பூரா துணியாக் கெடக்கு. ராத்திரி நானும் அங்கதான் படுக்கேன்."

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்று நின்று, நிதானமாக. அதற்கு மேல் அம்மா சத்தம் போட்டுப் பேசினாள்.

"ரெண்டு ஜன்னலையும் தெறந்து வச்சிருக்கா. ஆடிக் காத்துல வீடெல்லாம் மண்ணு. பெருக்கி மாளல."

மூடச் சொல்லேன் என்றேன்.

"எதுக்கு? கெடக்கட்டும்" என்றாள்.